குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு ஊருக்குப் போகலாமா? ஆஸ்திரேலியாவில் காத்திருப்பவர்களுக்கு

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றால், மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார்கள்: "சிட்டிசன்ஷிப்புக்குப் போட்டாச்சு. டிசம்பர்ல ஊருக்குப் போயிட்டு வரலாமா, இல்ல முடியுற வரைக்கும் இங்கேயே இருக்கணுமா?" கேட்பவருக்கு அம்மாவைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருக்கும். அல்லது தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். நடுவில் யாரோ, "வெளியே போனா ஃபைலே கேன்சல் ஆயிடும்" என்று சொல்லிவைத்திருப்பார்கள்.

போகலாம். விண்ணப்பித்தவர் வெளிநாடு போகக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் எப்போது போகிறோம், எந்த விசாவில் திரும்பி வருகிறோம், எந்தத் தேதியில் இங்கே இருந்தாக வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துகொண்டு போக வேண்டும். நானும் இந்தக் காத்திருப்பில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவன். நடுவில் இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தேன், ஒரு முறை கல்யாணத்துக்கு, ஒரு முறை அப்பாவுக்கு உடம்பு முடியாமல்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் மூன்று தேதிகள் உண்டு. விண்ணப்பம் போட்ட நாள், ஒப்புதல் கிடைத்த நாள், உள்ளூர் கவுன்சில் நடத்தும் குடியுரிமை விழாவில் உறுதிமொழி எடுத்த நாள். நீங்கள் குடிமகன் ஆவது மூன்றாவது நாளில்தான். "அப்ரூவ்ட்" என்று மின்னஞ்சல் வந்ததுமே நாம் ஆஸ்திரேலியர் ஆகிவிட்டோம் என்று நினைத்து டிக்கெட் போட்டவர்களை எனக்குத் தெரியும். உறுதிமொழி எடுக்கும் அந்த நிமிடம் வரை நீங்கள் பிஆர், அதாவது நிரந்தரமாக வசிக்கும் விசா வைத்திருப்பவர், அவ்வளவுதான். உங்கள் பழைய பாஸ்போர்ட்டும் அந்த பிஆர் விசாவும்தான் உங்களைத் திரும்ப உள்ளே கொண்டுவரும்.

விண்ணப்பிக்கும் முன்: நாள் கணக்கு

பொதுவான விதி இது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 4 வருடம் சட்டப்படியான விசாவில் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதில் கடைசி 12 மாதம் பிஆர் ஆக இருந்திருக்க வேண்டும். அந்த 4 வருடத்தில் மொத்தமாக 12 மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்திருக்கக் கூடாது. கடைசி 12 மாதத்தில் மட்டும் பார்த்தால் 90 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. மாணவர் விசாவில் இருந்த காலமும், வேலை விசாவில் இருந்த காலமும் அந்த 4 வருடத்தில் சேரும்.

நம் ஆட்கள் தடுக்கி விழுவது அந்த 90 நாளில்தான். பள்ளி விடுமுறையில் ஆறு வாரம் போயிருப்போம். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு வாரம், தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு மூன்று வாரம். ஒவ்வொன்றும் சின்னப் பயணமாகத் தெரியும், கூட்டினால் 77 நாள் வந்துவிடும். அப்புறம் பாலிக்கோ சிங்கப்பூருக்கோ இரண்டு வாரம் போனால் 91. இந்தியாவுக்குப் போன நாட்களை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு மற்ற நாடுகளை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

நினைவிலிருந்து கணக்குப் போடாதீர்கள். இங்கே விமான நிலையத்தில் இயந்திரத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு வந்துவிடுவதால் முத்திரை எதுவும் இருக்காது. சென்னையிலோ திருச்சியிலோ குத்திய முத்திரைகள் உதவும். ஆனாலும் உறுதியான வழி, நீங்கள் நாட்டை விட்டுப் போய் வந்த பதிவுகளை உள்துறையிடமே கேட்டு வாங்குவது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, துறையின் இணையதளத்தில் இருக்கும் குடியிருப்புக் கணிப்பானில் தேதிகளைப் போட்டுப் பாருங்கள். தகுதி வருகிற நாளிலேயே போட்டுவிட வேண்டும் என்று துடிக்க வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், கட்டிய கட்டணமும் போய்விடும்.

விண்ணப்பம் போட்ட பிறகு நீங்கள் செய்யும் பயணம் இந்த 4 வருடக் கணக்கைக் கெடுக்காது. கணக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது. அதனால், அவசரமில்லாத நீண்ட பயணம் ஏதாவது மனதில் இருந்தால், முதலில் விண்ணப்பித்துவிட்டு அப்புறம் போவதுதான் புத்திசாலித்தனம்.

பிஆர் விசாவின் ஐந்து வருடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பிஆர் என்றால் நிரந்தரம் என்று நினைக்கிறோம். இங்கே இருக்கும் வரை அது நிரந்தரம்தான். ஆனால் வெளியே போய்த் திரும்பி வரும் உரிமை, பெரும்பாலான பிஆர் விசாக்களில், விசா கிடைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்கு மட்டும்தான். 2021 மார்ச் 10ஆம் தேதி பிஆர் கிடைத்தவருக்கு அந்தப் பயண உரிமை 2026 மார்ச் 10 வரை. அதற்குப் பிறகும் சிட்னியிலோ மெல்பனிலோ அவர் ஆயுசுக்கும் இருக்கலாம், வேலை செய்யலாம், மெடிகேர் பயன்படுத்தலாம். ஆனால் மார்ச் 11 அன்று அவர் சென்னையில் இருந்தால், திரும்பி வர விசா இல்லை.

குடியுரிமை விண்ணப்பத்தோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. விண்ணப்பிக்கும்போது மட்டும் பிஆர் ஆக இருந்தால் போதாது, முடிவு எடுக்கும்போதும் பிஆர் ஆக இருக்க வேண்டும் என்கிறது 2007ஆம் வருடக் குடியுரிமைச் சட்டம். வெளிநாட்டில் இருக்கும்போது பயண உரிமை முடிந்து, திரும்பி வரும் விசாவும் இல்லை என்றால், அந்தத் தகுதியே போய்விடும். ஒப்புதல் கிடைத்தவருக்கும் இது பொருந்தும். உறுதிமொழி எடுக்கும் முன் பிஆர் தகுதி போனால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம்.

எப்படிப் பார்ப்பது? வீவோ என்ற இலவச இணையச் சேவையில் உங்கள் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் விசா விவரம் வரும். அதில் எந்தத் தேதிக்குள் நாட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தேதியை எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், குடும்பத்தில் நான்கு பேருக்கும் நான்கு வரி. எல்லோருக்கும் ஒரே தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம் ஆகி அப்புறம் வந்த மனைவிக்கு விசா வேறு தேதியில் கிடைத்திருக்கும்.

அந்தத் தேதி நெருங்கிவிட்டது, குடியுரிமை இன்னும் வரவில்லை என்றால் 155 என்ற எண் கொண்ட திரும்பி வரும் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நம்மவர்கள் ஆர்ஆர்வி என்பது இதைத்தான். கடந்த 5 வருடத்தில் மொத்தம் 2 வருடமாவது பிஆர் ஆக இங்கே வாழ்ந்திருந்தால் இன்னும் 5 வருடப் பயண உரிமை கிடைக்கும். குடியுரிமை வருவதற்குள் இதற்கு எதற்குக் காசு என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். கவுன்சில் விழா அடுத்த மாதம் வந்துவிடும் என்று நம்பி, அது நான்கு மாதம் தள்ளிப்போய், நடுவில் அவசரமாக ஊருக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது? வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த விசா வாங்கினால் குடியுரிமை விண்ணப்பம் பாதிக்குமோ என்ற பயமும் வேண்டாம், இதுவும் நிரந்தர விசாதான். முடிந்தவரை புறப்படும் முன் இங்கிருந்தே வாங்குங்கள். வெளியிலிருந்தும் விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் கிடைக்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் போடும்போது: பெயரைக் கவனியுங்கள்

உள்துறையின் இணையக் கணக்கான இமிஅக்கவுண்டில் விண்ணப்பத்தை நிரப்புவது கடினமில்லை. கட்டணம் வழக்கமாக ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் மாறுகிறது, அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைக் குறைந்தது ஒரு வருடமாகத் தெரிந்த, ஆஸ்திரேலியக் குடிமகனாக உள்ள, பட்டியலில் இருக்கும் தொழில் ஒன்றைச் செய்கிற ஒருவர் உங்கள் அடையாளத்தை உறுதிசெய்து, புகைப்படத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். குடும்ப மருத்துவர், பிள்ளைகளின் ஆசிரியர், மருந்தாளுநர் என்று யாராவது இருப்பார்கள்.

நமக்கு உள்ள தனிப் பிரச்சினை பெயர். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடும் பழக்கத்தால், பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக விரிந்து இன்னொரு மாதிரி இருக்கும். சிலருக்கு பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இந்த வேறுபாடுகளை மறைக்காமல், இதுவரை எந்தெந்த வடிவத்தில் பெயர் இருந்ததோ அத்தனையையும் கேட்கும் இடத்தில் எழுதுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் சான்றிதழ்களுக்கு நாட்டி (NAATI) என்ற ஆஸ்திரேலிய அங்கீகார அமைப்பின் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்ப்பு வாங்கிவையுங்கள்.

வெளிநாட்டுப் பயணத்தால் இங்கே இன்னொரு காகிதமும் சேரலாம். பிஆர் கிடைத்த பிறகு மொத்தம் ஒரு வருடமோ அதற்கு மேலோ வெளியே இருந்து, அதில் ஏதாவது ஒரு நாட்டில் 90 நாளுக்கு மேல் இருந்தவர்கள், அந்த நாட்டின் காவல்துறை நற்சான்று தர வேண்டியிருக்கும். அப்படி இருந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் பயணம்

விண்ணப்பம் போய்விட்டது. துறையின் தளத்தில் எவ்வளவு காலம் ஆகிறது என்று மாதந்தோறும் புதுப்பித்துப் போடுவார்கள். அதைப் பார்த்து ஒரு மதிப்பீடு வைத்துக்கொள்ளலாம், வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னோடு அதே வாரத்தில் போட்ட நண்பருக்கு என்னைவிட ஐந்து மாதம் முன்பே வந்தது.

இந்தக் காலத்தில் தெரிந்திருக்க வேண்டிய முக்கியமான விதி: பொதுவான வழியில் விண்ணப்பிக்கும் பெரியவர்களுக்கு, அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குள் இருக்கும்போதுதான் ஒப்புதல் தர முடியும். நீங்கள் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இருக்கும்போது ஒப்புதல் வராது. அதற்காக விண்ணப்பம் ரத்தாகிவிடும் என்று அர்த்தமில்லை. நீங்கள் திரும்பி வரும் வரை முடிவு நிற்கும், அவ்வளவுதான். மூன்று வாரப் பயணத்துக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஆறு மாதம், எட்டு மாதம் என்று போனால்தான் சிக்கல். தொடர்ந்து இங்கே வாழப்போகிறவரா, இந்த நாட்டோடு நெருங்கிய தொடர்பு வைத்திருக்கிறவரா என்ற கேள்வியையும் அதிகாரி பார்க்க வேண்டியிருக்கிறது. வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டு, குடியுரிமையை மட்டும் எதிர்பார்த்து அங்கே உட்கார்ந்திருப்பது சரிவராது.

அடுத்தது, தேர்வுக்கான அழைப்பு. 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு நேர்காணலும் தேர்வும் உண்டு. அழைப்பு மின்னஞ்சலில் வரும். ஊரில் இருக்கும்போது ஆஸ்திரேலிய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு, மின்னஞ்சலையும் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். வாரம் இரண்டு முறையாவது திறந்து பாருங்கள். ஸ்பேம் பெட்டியையும்தான். நீங்கள் வெளியே இருக்கும் நாளில் தேதி விழுந்தால் அதை மாற்றிக்கொள்ள முடியும். சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருப்பதுதான் தவறு. போகும் முன் இமிஅக்கவுண்டில் பயணத் தேதிகளைத் தெரியப்படுத்திவிடுவது நல்ல பழக்கம்.

சரி, பாஸ்போர்ட்டுக்கு வருவோம். காத்திருக்கும் காலத்தில் பலருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டின் 10 வருடம் முடிகிறது. எப்படியும் குடியுரிமை வரப்போகிறதே, எதற்குப் புதுப்பிக்க வேண்டும் என்று விடுவார்கள். புதுப்பியுங்கள். காலாவதியான பாஸ்போர்ட்டோடு அவசரத்துக்குக்கூடக் கிளம்ப முடியாது. புதுப்பித்தால், அன்றே இமிஅக்கவுண்டில் புதிய எண்ணைப் பதிவுசெய்யுங்கள். உங்கள் விசா காகிதத்தில் ஒட்டியது இல்லை, பாஸ்போர்ட் எண்ணோடு கணினியில் இணைந்திருப்பது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இதைச் செய்யாமல் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பும் நாள் சென்னை விமான நிலையத்தில் இரவு பதினொரு மணிக்கு கவுண்டரில் நிற்கிறார். பக்கத்தில் மனைவி, தோளில் தூங்கும் குழந்தை, வண்டியில் ஊறுகாயும் மசாலாப் பொடியுமாக நான்கு பெட்டி. கவுண்டரில் இருந்த பெண் மூன்று முறை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்கு விசாவே இல்லைன்னு காட்டுது" என்கிறார். மனைவிக்கு இருக்கிறது, குழந்தைக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை. எனக்கு போன் வந்தபோது இங்கே விடியற்காலை. "அண்ணா, என்னண்ணா பண்றது?" என்ற குரலில் நடுக்கம். பழைய பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா என்று கேட்டேன். நல்லவேளை, பெட்டியில் இருந்தது. பழைய எண்ணை வைத்துப் பார்த்தபோது விசா வந்தது. கவுண்டர் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏற்றிக்கொண்டார்கள். பழைய பாஸ்போர்ட் அன்று வீட்டில் கிடந்திருந்தால் மூன்று பேரும் அங்கேயே நின்றிருப்பார்கள். அதனால் இரண்டையும் செய்யுங்கள்: புதிய எண்ணைப் பதிவுசெய்யுங்கள், பழைய பாஸ்போர்ட்டையும் கைப்பையில் வையுங்கள்.

வீட்டில் ஒருவருக்குத் துக்கம், அல்லது அப்பாவோ அம்மாவோ ஐசியூவில் என்றால்? போய்விடுங்கள். பயண உரிமை இருக்கிறதா என்று மட்டும் வீவோவில் ஒரு நிமிடம் பாருங்கள், பிறகு கிளம்புங்கள். என் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது என் தேர்வுத் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. இரண்டு நாள் தயங்கினேன். அந்த இரண்டு நாளைத்தான் இன்றும் நினைத்து வருத்தப்படுகிறேன். தேதியை மாற்ற எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இலங்கைத் தமிழர்களில் பாதுகாப்பு விசா பெற்றவர்கள் தனியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 866 பாதுகாப்பு விசாவில், எந்த நாட்டிலிருந்து பாதுகாப்புக் கேட்டீர்களோ அந்த நாட்டுக்கு முன் அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்ற 8559 நிபந்தனை உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டதால் அது நீங்கிவிடாது. உங்கள் விசாவில் என்ன நிபந்தனை இருக்கிறது என்பதும் வீவோவில் வரும். தாயின் மரணத்துக்குக்கூடப் போக முடியாமல் சென்னையில் வைத்து உறவினர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களின் வலி எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்டு ரிஸ்க் எடுக்காதீர்கள். முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

தலைப்பிரசவமும் தாய் வீடும்

ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். குடியுரிமைக்குக் காத்திருக்கும் தம்பதியருக்கு இதில் மிகப் பெரிய வித்தியாசம் இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை.

பெற்றோரில் ஒருவராவது பிஆர் அல்லது குடிமகனாக இருக்கும்போது ஆஸ்திரேலியாவில் பிறக்கும் குழந்தை, பிறக்கும்போதே ஆஸ்திரேலியக் குடிமகன். 1986 ஆகஸ்ட் 20 முதல் இதுதான் விதி. அதே குழந்தை திருநெல்வேலியில் பிறந்தால், பெற்றோர் இருவரும் பிஆர் ஆக மட்டும் இருந்தால், அது குடிமகனும் இல்லை, பிஆர் உம் இல்லை. அதற்குத் தனியாகக் குழந்தை விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பு சின்னது இல்லை. கணவர் வேலைக்காக இங்கே, மனைவியும் கைக்குழந்தையும் அங்கே என்று மாதக்கணக்கில் பிரிந்திருந்த குடும்பங்கள் உண்டு.

அம்மாவோ அப்பாவோ உறுதிமொழி எடுத்துக் குடிமகன் ஆன பிறகு வெளிநாட்டில் குழந்தை பிறந்தால், வம்சாவளி வழியில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்புதல் கிடைத்து, உறுதிமொழி எடுக்காமல் இருக்கும் நிலை இதற்குப் போதாது. பிரசவ நாளும் விழா நாளும் நெருங்கி வந்தால் இந்த வேறுபாட்டை நன்றாக யோசியுங்கள். என் கருத்து: இந்தக் காலத்தில் பிரசவத்துக்கு ஊருக்குப் போவதைவிட, அம்மாவுக்கு விசிட்டர் விசா போட்டு இங்கே வரவழைப்பது நல்லது. பத்தியச் சாப்பாட்டுக்கான சாமான் எல்லாம் சிட்னியில் வென்ட்வொர்த்வில்லிலும் பெண்டில் ஹில்லிலும் கிடைக்கிறது.

தேர்வு

20 கேள்விகள், 45 நிமிடம், ஆங்கிலத்தில். 15 சரியாக வர வேண்டும். அதில் ஆஸ்திரேலிய விழுமியங்கள் பற்றிய 5 கேள்விகள் இருக்கும், அந்த ஐந்தும் சரியாக இருந்தே ஆக வேண்டும். 2020 நவம்பர் 15 முதல் இந்த முறை. படிக்க வேண்டிய கையேட்டைத் துறையே இலவசமாகத் தருகிறது, தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. வயதான பெற்றோர் யாராவது எழுத வேண்டியிருந்தால் தமிழில் படித்துப் பொருள் புரிந்துகொண்டு, பிறகு ஆங்கிலத்தில் படிக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து இறங்கிய மறுநாளே தேர்வு வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கக் கலக்கத்தில் தெரிந்ததும் மறந்துபோகும். தவறினால் மறுபடி எழுதலாம். அசல் ஆவணங்களை ஒன்று விடாமல் எடுத்துப் போங்கள்.

ஒப்புதலுக்கும் விழாவுக்கும் நடுவில்

தேர்வில் தேறிய சிலருக்கு அன்றே ஒப்புதல் வருகிறது, சிலருக்கு வாரங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகு கவுன்சில் நடத்தும் விழாவுக்குக் காத்திருக்க வேண்டும். விழா எப்போது என்பது நீங்கள் எந்த கவுன்சில் எல்லையில் வசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புதிதாகக் குடியேறுபவர்கள் அதிகம் வாழும் புறநகர்களில் வரிசை நீளம். வீடு மாறினால் முகவரியை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் பழைய கவுன்சிலிலிருந்து அழைப்பு பழைய வீட்டுக்குப் போகும்.

இந்த இடைவெளியிலும் பயணம் போகலாம், பிஆர் பயண உரிமை இருக்கும் வரை. விழா அழைப்பு வழக்கமாக ஏறக்குறைய நான்கு வாரம் முன்னால்தான் வரும். அதனால் ஆறு வாரப் பயணம் போனால், அழைப்பு வந்து, விழாவும் முடிந்துபோக வாய்ப்பு உண்டு. வர முடியாவிட்டால் உடனே தெரிவியுங்கள், வேறு விழாவில் சேர்ப்பார்கள். ஆனால் பொதுவாக ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் உறுதிமொழி எடுக்க வேண்டும். நியாயமான காரணம் இல்லாமல் தள்ளிக்கொண்டே போனால் ஒப்புதல் ரத்தாகலாம். குடும்பத்தில் ஒருவருக்கு ஒப்புதல் வந்து மற்றவருக்கு வராமல் இருந்தால், யாருடைய நிலை பின்தங்கி இருக்கிறதோ அவரை வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். உங்கள் விண்ணப்பத்தில் சேர்த்திருக்கும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் உறுதிமொழி சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் எடுக்கும்போது அவர்களும் குடிமக்கள் ஆகிவிடுவார்கள்.

டிக்கெட் எடுக்கும்போது தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

விழா முடிந்த பிறகு

கடவுள் பெயரைச் சொல்லி ஒரு உறுதிமொழி, சொல்லாமல் ஒன்று, எது வேண்டுமானாலும் எடுக்கலாம். சான்றிதழைக் கையில் வாங்குவீர்கள், சில கவுன்சில்களில் ஒரு சின்னச் செடியும் கொடுப்பார்கள். என் பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஆங்கில வரிகளை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தார். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. இறங்கி வந்ததும் என்னிடம், "தம்பி, இனி எனக்கும் ஒரு நாடு இருக்கு" என்றார்.

அந்த நிமிடத்தோடு உங்கள் பிஆர் விசா முடிந்துவிடுகிறது. இனி ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில்தான் போய் வர வேண்டும். சனிக்கிழமை விழா, திங்கட்கிழமை விமானம் என்று டிக்கெட் வைத்துக்கொண்டு அழுதவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள் என்று பாஸ்போர்ட் அலுவலகமே சொல்கிறது. கூடுதல் கட்டணம் கட்டினால் விரைவாகத் தருகிறார்கள். விழாத் தேதியும் பயணத் தேதியும் மோதினால், எடுத்த டிக்கெட்டில் பிஆர் ஆகப் போய் வந்துவிட்டு அடுத்த விழாவில் கலந்துகொள்வது பல நேரம் எளிது.

இந்தியர்களுக்கு இன்னொன்று. 1955ஆம் வருட இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற கணத்தில் இந்தியக் குடியுரிமை முடிகிறது. கையில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் ஏழு வருடம் மிச்சம் இருந்தாலும் அதில் பயணம் செய்யக் கூடாது, செய்தால் அபராதம் உண்டு. அதை ஒப்படைத்துச் சான்று வாங்கி, அப்புறம் ஓசிஐக்கு, அதாவது வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டைக்கு, விண்ணப்பிக்க வேண்டும். ஓசிஐ வருவதற்குள் போக வேண்டும் என்றால் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில் இ-விசா எடுத்துப் போகலாம். ஓசிஐ இருந்தாலும் ஊரில் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. பூர்வீகமாக வருவதை வைத்துக்கொள்ளலாம். நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை உறுதிமொழிக்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

இலங்கையர்கள் இரட்டைக் குடியுரிமை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது தானாக நடக்காது. ஆஸ்திரேலியக் குடியுரிமை பெறுவதற்கு முன் தக்கவைத்துக்கொள்ளவோ, பெற்ற பிறகு மீட்டுக்கொள்ளவோ தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து வந்த தமிழர்களுக்கு அந்த வசதி இல்லை, அந்த நாடுகள் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் சான்றிதழை இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்தாலும் உடனே திருத்தக் கேளுங்கள், பாஸ்போர்ட் அந்தப் பெயரில்தான் வரும். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். ரத்து முத்திரை குத்தித் திரும்பி வரும் இந்தியப் பாஸ்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள், ஓசிஐக்கு அதன் நகல் கேட்பார்கள். இரண்டையும் ஒரே உறையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.